ஹெல்மெட்டுக்குள்ள எந்த இயர்போன்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரக் கேள்வி அனுமந்தன்பட்டியில இருந்து வந்திருக்கு. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருக்கிற ஊர். தினமும் தேனிக்கு பைக்ல வேலைக்குப் போய் வர்ற தம்பி ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார்: "அண்ணே, உங்க எபிசோடு எல்லாம் வண்டி ஓட்டும்போதுதான் கேக்குறேன். ஆடிக் காத்துல வால்யூம ஃபுல்லா வச்சாலும் பாதி புரியல. வீட்டுக்கு வந்தா காதுல ஙொய்ங்குது. ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு இயர்போன் சொல்லுங்கண்ணே."

இயர்போனுக்கு அப்புறம் வர்றேன் தம்பி. முதல்ல அந்த 'ஙொய்'. அது காது உங்களுக்குக் கொடுக்கிற எச்சரிக்கை.

வேகம் 60, 70ஐத் தாண்டினா இன்ஜின் சத்தத்தைவிட காத்துச் சத்தம்தான் பெருசு. ஹெல்மெட்டுக்குள்ள அது 90 டெசிபெல்லை ஒட்டிப் போகும். ஹெல்மெட் தலையைக் காப்பாத்தும். காத்தோட அந்தக் கனமான 'பூம்' சத்தத்தை அவ்வளவா தடுக்காது. அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு சொல்ற கணக்குப்படி 85 டெசிபெல்லை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88னா 4 மணி, 91னா 2 மணி, 94னா ஒரே மணி நேரம். தேனிக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணின்னு வச்சா, காத்து மட்டுமே அன்னைக்கு உள்ள கோட்டாவைத் தின்னுடும். அதுக்கு மேல கேக்கணும்னு பாட்டை ஏத்துறோம். காத்தை ஜெயிக்கணும்னா பாட்டு காத்தைவிடச் சத்தமா இருந்தாகணும் இல்லையா? சிக்கலே அங்கதான்.

அதனால நமக்குத் தேவை சத்தமா பாடுற இயர்போன் இல்ல, காதை நல்லா அடைக்கிற இயர்போன். நாய்ஸ் கேன்சலிங்னு போட்டிருந்தா மயங்க வேண்டாம். பஸ், விமானம் மாதிரி ஒரே சீரா வர்ற இரைச்சலுக்கு அது பிரமாதம். அலைஅலையா மாறி அடிக்கிற காத்துல அதோட மைக்கே தடுமாறும். இந்த பட்ஜெட்ல, ஹெல்மெட்டுக்குள்ள, நான் அதுக்குக் காசு கொடுக்க மாட்டேன்.

காசு கொடுக்க வேண்டியது ஃபோம் டிப்புக்கு. பெட்டியோட வர்ற சிலிக்கான் டிப்பைக் கழட்டிட்டு, உங்க காது அளவுக்கு ஃபோம் டிப் தனியா வாங்கி மாட்டுங்க. விரல்ல உருட்டி மெலிசாக்கி, எதிர்க் கையைத் தலைக்கு மேல கொண்டுவந்து காது மடலை மேல, பின்பக்கமா இழுத்து உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் 30 செகண்ட் பிடிங்க. இதை ஒழுங்கா செஞ்சா சாதாரண இயர்போனே வேற ஆளா மாறும்.

அடுத்தது வடிவம். காம்பு நீட்டிக்கிட்டிருக்கிற பட்ஸ் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் மாட்டும்போது பஞ்சுல சிக்கும், கழட்டும்போது ரோட்ல விழும், பின்னால வர்ற வாழைக்காய் லாரி மிச்சத்தைப் பாத்துக்கும். காதுக்கு வெளியே துருத்தாத சின்ன உருண்டை வடிவ நெக்பேண்ட் போதும். கழண்டாலும் கழுத்துல தொங்கும். இல்லேன்னா மூன்ட்ராப் சு மாதிரி குட்டியான ஒயர் இயர்போன். ஒரு மெல்லிசான பாலாகிளாவா போட்டு அதுக்கு மேல ஹெல்மெட் மாட்டினா நகராது. வாங்கும்போது உங்க ஹெல்மெட்டைக் கையோட கொண்டுபோங்க. பத்து நிமிஷம் மாட்டிப் பாத்து வலிச்சா, அது உங்களுக்கு இல்ல.

ஹாரன் கேக்காதேன்னு வீட்ல திட்டுவாங்க. நியாயம்தான். பிரான்ஸ்ல 2015 ஜூலையில இருந்து வண்டி ஓட்டும்போது இயர்போனுக்கே தடை. காதை அடைக்கிறதால காத்து, ஹாரன் ரெண்டுமே சேர்ந்துதான் குறையுது. ஹாரனை மறைக்கிறது முக்கியமா பாட்டுதான். அதனால ஊருக்குள்ள நுழையும்போதே நிறுத்திடுங்க. பாட்டே வேண்டாம்னா இன்னும் நல்லது, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற சாதா இயர் பிளக்கே போதும். சில பத்து ரூபாய்தான். பாக்கெட்ல 29 டெசிபெல் குறைக்கும்னு போட்டிருக்கும். ரோட்ல அதுல பாதி கிடைச்சாலே 'ஙொய்' குறையும்.

ரெண்டு வாரம் சத்தத்தைக் குறைச்ச பிறகும் அது நிக்கலேன்னா, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க தம்பி. அப்புறம் லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறுறப்ப மட்டும் பாஸ் போட்டுடுங்க. ஓடுறது நம்ம எபிசோடா இருந்தாலும் சரி.