வருத்தம் வருமுன்

அண்மையில் ஒருநாள் பத்தாம் வகுப்பிலே தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ‘உழைத்தல்’ என்னுஞ் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கும்படி மாணவரைப் பணித்தோம். கொப்பிகளைத் திருத்தியபோது ஒன்று கண்ணிற் பட்டது. ‘அப்பா கொழும்பில் உழைக்கிறார்’, ‘அண்ணன் வெளிநாட்டில் உழைக்கிறார்’ என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தனர். தாயைப் பற்றி ஒருவருமே எழுதவில்லை.

“உம்முடைய அம்மா என்ன செய்கிறா?” என்று ஒரு மாணவனை வினவினோம்.

“அம்மா சும்மா வீட்டிலைதான் இருக்கிறா, சேர். இப்ப கொஞ்ச நாளாய் அவவுக்கு வருத்தம்.”

‘சும்மா’, ‘வருத்தம்’ ஆகிய அவ்விரு சொற்களும் அன்று முழுவதும் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

‘உழைத்தல்’ என்பதற்கு உறவான ‘உழத்தல்’ என்னும் பழஞ்சொல்லுக்குத் துன்புறுதல், வருந்தி முயலுதல் என்பன பொருள். நமது பேச்சு வழக்கிலோ உழைப்பு என்றாற் சம்பாத்தியம். ‘அவருக்கு நல்ல உழைப்பு’ என்றால், கைநிறையப் பணம் வருகிறது என்பதே கருத்து. ஆகவே காசு வராத வேலை உழைப்பிற் சேருவதில்லை. விடியுமுன் எழுந்து முற்றங் கூட்டி, தேங்காய் துருவி, இடியப்பம் பிழிந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, இரவில் எல்லாரும் உண்டபின் சட்டி பானை கழுவிக் கவிழ்க்கும் தாய், ‘சும்மா இருப்பவ’ ஆகிவிடுகிறா.

இனி, ‘வருத்தம்’ என்னுஞ் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் இதனை மனத்துயரத்துக்கு வழங்குவர். யாழ்ப்பாணத்தார்க்கோ இது நோய்; நோயாளி ‘வருத்தக்காரர்’. திருவள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’ என்ற அதிகாரத்திலே மெய்வருத்தம் என்று கூறுவது, முயற்சியினால் உடல் படும் பாட்டினை. உழைப்பின் பாடும் நோயின் பாடும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் சிந்திக்கத் தக்கதன்றோ?

உழைப்பிலிருந்து நோய்க்குச் செல்லும் வழியிலே தமிழ் பல படிகளைக் காட்டுகிறது. முதற்படி களைப்பு, சற்று அமர்ந்தால் அது தீரும். அடுத்தது இளைப்பு, மூச்சு வாங்குவதும் உடல் மெலிவதும் அதன் பொருள்கள். அயர்வு என்பதிலே மறதியும் அடங்கும். சோர்தல் என்பதற்கு நழுவுதல் என்றும் பொருளுண்டு. கைப்பாத்திரம் தானே நழுவி விழும் நிலை அது. தளர்ச்சியோ கட்டு நெகிழ்ந்த நிலை.

அளவு கடந்த உழைப்பைக் குறிக்க நாம் வழங்குந் தொடர்களும் கருதத் தக்கன. மாடாய் உழைத்தல், ஓடாய்த் தேய்தல், முறிந்து வேலை செய்தல், மாய்ந்து மாய்ந்து வேலை செய்தல் என்கிறோம். தேய்வதும் முறிவதும் கருவிக்கு உரியவை. மாய்தல் என்றால் இறத்தல். ‘அவன் மாய்ந்து மாய்ந்து வேலை செய்கிறான்’ என்று புகழ்ந்துரைக்கும்போது நாம் சொல்வது இன்னதென்று எண்ணிப் பார்க்கிறோமா?

யப்பானியர் எண்ணிப் பார்த்தனர். 1969ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பத்திரிகை நிறுவனமொன்றிலே வேலை செய்த 29 வயது இளைஞர் பாரிசவாதத்தால் மாண்டார். அத்தகைய இறப்புகள் பெருகவே, ‘கரோஷி’ என்ற புதுச் சொல் பிறந்தது. மிகையுழைப்பால் நேருஞ் சாவு என்பது அதன் பொருள். பெயர் கிடைத்தபின் வழக்குகள் எழுந்தன. 2014இல் அதனைத் தடுப்பதற்கென ஒரு சட்டமும் நிறைவேறிற்று. உலக சுகாதார தாபனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, வாரத்தில் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்ததன் விளைவாக 2016இல் மட்டும் ஏறக்குறைய 7,45,000 பேர் பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் மாண்டனர். நம் வீட்டுத் தாய்மாரின் மணித்தியாலங்களை எண்ணினால் 55 எம்மாத்திரம்!

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதனை உணர்தல் வேண்டும். இராமுழுதும் கண்விழித்து, அயர்வு வந்தபின்னும் ஏட்டைப் புரட்டுவதாற் பயனில்லை. அயர்வினுள் மறதி குடியிருப்பதைச் சொல்லே அறிவிக்கிறது.

நமது நாட்டிலே உத்தியோகத்திலிருந்து விலகுவதை ‘இளைப்பாறுதல்’ என்பர். இளைப்பு ஆறுதற்கு முதுமை வரையுங் காத்திருத்தல் வேண்டுமா? தாய்க்கோ அந்த வயதும் இல்லை. ஆதலின், அன்பர்களே, உங்கள் இல்லத்தில் எவரேனும் ‘களைப்பாய் இருக்கிறது’ என்றால், அந்த முதற்படியிலேயே செவிகொடுங்கள். ‘வருத்தம்’ என்ற சொல் வரும்வரை காத்திராதீர்கள்.

மறுவாரம் அதே பயிற்சியைத் திரும்பவும் எழுதுவித்தோம். அந்த மாணவனின் கொப்பியில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன: ‘என் அம்மா காலை நாலரை மணி தொடக்கம் உழைக்கிறார். நேற்று இரவு சட்டி பானைகளை நான் கழுவினேன்.’ இரண்டாம் வாக்கியத்தை நாம் கேட்டிருக்கவில்லை. அதற்குஞ் சரியிட்டோம்.