இரு மூட்டுகளைக் கடக்கும் தசைகள்

“ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை தளரும்.” புயத்தின் இருதலைத் தசை, முத்தலைத் தசை பற்றிய வினாவுக்கு நீங்கள் எழுதிப் பழகிய விடை இது. இதனை அப்படியே காலுக்கும் எழுதிவிடாதீர்கள்.

சோளகக் காற்றுக்கு எதிராகக் காங்கேசன்துறை வீதியில் யாழ் நகர் நோக்கிச் சைக்கிள் ஓடும் ஒருவரின் காலைக் கவனியுங்கள். மிதி கீழிறங்கும்போது இடுப்பும் முழங்காலும் ஒருங்கே நீட்டப்படுகின்றன. கதிரையிலிருந்து எழும்போதும் அவ்வாறே.

தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பென்பில் தோன்றி முழங்காலுக்குக் கீழே பொருந்துகின்றன. ஆகவே அவை இடுப்பை நீட்டும், முழங்காலை மடக்கும். முன்புற நாற்றலைத் தசையில் நடுவே நேராக இறங்கும் தலை மட்டும் இரு மூட்டுகளையும் கடக்கும். அது முழங்காலை நீட்டும், இடுப்பை மடக்கும்.

தொடையின் முன்னும் பின்னும் கைகளை வைத்துக்கொண்டு கதிரையிலிருந்து மெதுவாக எழும்புங்கள். இரண்டு பக்கமும் இறுகுவதை உணர்வீர்கள். எதிரெதிரான இரண்டும் இழுத்தால் கால் அசையாமலல்லவா நிற்கவேண்டும்? 1903இல் அமெரிக்க உடற்றொழிலியலாளர் லொம்பார்ட் இப்புதிரை ஆராய்ந்தார். விடை பௌதிகவியலில் உள்ளது. விசையின் திருப்பம், மூட்டின் மையத்திலிருந்து தசை இழுக்கும் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்திலும் தங்கியுள்ளது. இடுப்பில் இத்தூரம் பின்புறத் தசைகளுக்குக் கூட. முழங்காலிலோ, முழங்காற்சில்லு சிரையை முன்தள்ளி வைப்பதால் முன்புறத் தசைக்குக் கூட. எனவே இரு மூட்டுகளிலும் நீட்டலே வெல்கிறது.

அத்துடன், பின்புறத் தசை இடுப்பில் குறுகும்போது முழங்காலில் இழுபடுகிறது. மொத்த நீளம் அதிகம் மாறுவதில்லை. மெதுவாகச் சுருங்கும் தசைக்கே கூடிய விசை தர முடியும் என்பதால் இது பெரிய இலாபம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முழங்காலை மடக்காமல் காலை முன்னே உயர்த்துங்கள்; பின்பு மடக்கி உயர்த்துங்கள். முன்னையதில் பின்தொடை இழுத்துத் தடுக்கும். வேக ஓட்டத்தில் பாதம் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னர் இடுப்பு மடங்கியிருக்க, முழங்கால் விரைவாக நீள்கிறது. தசை இரு முனைகளிலும் இழுபட்டபடியே கீழ்க்காலின் வேகத்தையும் தணிக்கவேண்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றர் ஓடுபவர் திடீரெனப் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். உடலைச் சூடாக்காமல் ஓடாதீர்கள். வலி வந்தால் ஓட்டத்தைத் தொடரவும் வேண்டாம், தசையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

படம் வரைவோருக்கு ஒன்று: தொடையின் இருதலைத் தசையில் குறுந்தலை தொடையென்பிலேயே தோன்றுகிறது. அது கடப்பது முழங்காலை மட்டுமே. இடுப்பென்பு வரை அதைக் கொண்டுபோகாதீர்கள்.