மாநிறம்

நாம் உபாத்தியாயராயிருக்கும் பள்ளிக்கூடத்தில் சில வருஷங்களுக்கு முன்பு, ஆண்டு விழாவுக்காக மகாபாரதச் சூதாட்டக் கட்டத்தை நாடகமாகப் போட ஏற்பாடாயிற்று. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பாஞ்சாலியின் வசனம் மட்டுமல்ல, துரியோதனன் வசனம், சகுனி வசனம் எல்லாமே அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒத்திகையில் அவள் சபையைப் பார்த்து நியாயம் கேட்டபோது, வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துச் சேவகர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால், விழாவன்று பாஞ்சாலியாக மேடை ஏறியவள் அவள் அல்ல. "பாஞ்சாலி என்றால் பார்ப்பதற்குக் கொஞ்சம் எடுப்பாக இருக்கவேண்டாமா?" என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் யார் என்பது முக்கியமல்ல. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாமும் ஒருவர், வாயைத் திறக்கவில்லை. சிவப்பான வேறொரு பெண்ணுக்கு அந்த வேஷம் போயிற்று. வசனம் மறந்தபோது திரை மறைவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

மறு வாரம் விஞ்ஞான வகுப்பில் அவள் எழுந்து நின்றாள். "சார், மனிதர்களுக்குள் ஏன் இப்படி நிறம் வேறு வேறாக இருக்கிறது?" என்று கேட்டாள். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிந்தது. இரண்டு வாக்கியத்தில் ஏதோ சொல்லி உட்காரவைத்துவிட்டோம். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று எழுதுகிறோம். காலங்கடந்த பதில்தான், ஆனாலும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள்.

முதலில், நிறம் என்பது எங்கே இருக்கிறது? நம் தோலின் மேல் அடுக்கு, உடம்பின் பெரும் பகுதியில், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கனந்தான். எழுதுகிற காகிதத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அடுக்கின் அடித்தளத்தில் சில விசேஷமான உயிரணுக்கள் உண்டு. அவை மெலனின் என்னும் நிறப் பொருளைத் தயாரித்துச் சுற்றியுள்ள உயிரணுக்களுக்கு விநியோகம் செய்கின்றன. நம் தலைமயிரைக் கறுப்பாக்குவதும் இந்த மெலனின்தான். கண்மணிக்கு நிறம் தருவதும் இதுதான். வேடிக்கை என்னவென்றால், இதைத் தயாரிக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. தொழிற்சாலைகள் சமம், உற்பத்தியாகும் சரக்கின் அளவிலும் தினுசிலும் அது பரவியிருக்கும் விதத்திலுமே வித்தியாசம்.

இந்தச் சரக்கு எதற்கு? சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. உயிரணுவின் நடுவேயுள்ள கருவில்தான் பரம்பரைக் குறிப்புகளெல்லாம் பத்திரப்படுத்தப்பட்டிருக்கின்றன. புற ஊதாக் கதிர் அங்கே புகுந்தால் குறிப்புகள் சிதையும். மெலனின் துகள்கள் அந்தக் கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் கவிந்து நிற்கின்றன. வயல் வரப்பில் போகிறவர் தலைக்கு மேல் குடை பிடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கறுப்பு என்பது, பிறக்கும்போதே கூட வந்த குடை.

அப்படியானால் எல்லாருக்குமே கறுப்புக் குடை இருக்கக்கூடாதா? இருந்தது. மனித குலம் ஆப்பிரிக்காவில் தோன்றியது. கடும் வெயிலில், உடம்பில் அடர்ந்த மயிர் இல்லாமல் வாழ்ந்த நம் மூதாதைகளுக்குக் கறுத்த தோல் பெரிய பாதுகாப்பு. புற ஊதாக் கதிர் இரத்தத்திலுள்ள ஃபோலேட் என்னும் சத்தைச் சிதைத்துவிடுகிறது. கருவிலுள்ள குழந்தையின் முதுகுத் தண்டும் மூளையும் சரியாக உருவாக அந்தச் சத்து அவசியம். ஆனால் அதே கதிர் ஓரளவு உள்ளே போனால்தான் தோலில் 'டி' வைட்டமின் உண்டாகும். அது இல்லாவிட்டால் குழந்தைகளின் எலும்பு வலுவிழந்து கால் வளைந்துவிடும். வெயில் மிகுந்த நாட்டில் குடை பெரிதாக வேண்டும். வெயில் அரிதான வடதேசங்களில் குடையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான தலைமுறைகளில் இயற்கை செய்த சமாதானம் இது. நினா யப்லோன்ஸ்கி என்ற அம்மையாரும் ஜார்ஜ் சாப்ளின் என்பவரும் 2000-ஆம் ஆண்டில் விண்கலம் அளந்த புற ஊதாக் கதிரின் கணக்கையும், பல தேசத்து மக்களின் தோலை அளந்த கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப் போயின. மேலே சொன்ன விளக்கத்தை விஞ்ஞானிகள் பலர் ஏற்கிறார்கள்.

வடதேசத்தில் குடியேறியவர்கள் மறுநாளே வெளுத்துவிடவில்லை. இங்கிலாந்தில் செட்டார் என்ற இடத்துக் குகையில் 1903-ல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. ஏறக்குறையப் பத்தாயிரம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்த மனிதர். 2018-ல் அவருடைய மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவர் கருத்த தோலும் நீலக் கண்ணும் உடையவராயிருந்திருக்கக் கூடும் என்று கணித்தார்கள். ஆங்கிலேயரின் தாய்நாட்டில் ஒரு கறுப்பு ஆசாமி!

நம் தேசத்துக்கு வருவோம். ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சிவப்பு, ஒருத்தி கறுப்பு. இது எப்படி? தோலின் நிறத்தை ஒன்றல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவதுபோல் ஒவ்வொரு பிரசவத்திலும் அவை புதிதாகக் கலைக்கப்படுகின்றன. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் குங்குமப்பூப் பாலுக்கு மணம் உண்டு, விலையும் உண்டு. சீட்டை மாற்றும் சக்தி மாத்திரம் கிடையாது.

அந்தச் சீட்டுகளில் முக்கியமான ஒன்றை 2005-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வரிக்குதிரையைப்போல் கோடு போட்ட ஒரு சிறு மீனில், கோடு வெளுத்துப் போன ஒரு வகையை ஆராய்ந்தபோது அது அகப்பட்டது. அதன் பெயர் எஸ்.எல்.ஸி. 24 ஏ 5. (எஸ்.எஸ்.எல்.ஸி. அல்ல; ஆனால் கல்யாணச் சந்தையில் அதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.) இந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், வேறு நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, தென்னிந்தியர் 1,228 பேரின் தோலைக் கருவியால் அளந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குள் காணப்பட்ட நிற வித்தியாசத்தில் சுமார் 27 சதவிகிதத்துக்கு இந்த ஓர் எழுத்தே காரணம். ஐரோப்பியரிடமும் நம்மவரிடமும் காணப்படும் அந்த மாறிய எழுத்து ஒரே மூலத்திலிருந்து வந்தது. 22,000 முதல் 28,000 வருஷங்களுக்கு முற்பட்டது. வடக்கே இயற்கை அதைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததற்கு அடையாளம் இருக்கிறது. தென்னாட்டில் அந்த அடையாளம் இல்லை. அதாவது, நம் வீட்டுச் சிவப்பு நம் வெயில் தந்த பரிசு அல்ல. எக்காலத்திலோ யாரோ நடந்து வந்து, யாரையோ மணந்துகொண்ட கதையின் மிச்சம். இதில் பெருமைக்கோ சிறுமைக்கோ என்ன இருக்கிறது?

இது நிறத்தின் கதை. பார்க்கிற கண்ணின் கதை இன்னும் விசித்திரமானது.

ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும் பெண்மணிகள் கடை விளக்கை நம்புவதில்லை. "கொஞ்சம் வெளியே கொண்டுபோய்ப் பார்க்கிறேன்" என்று வீதி வெளிச்சத்துக்குப் போவார்கள். அநுபவசாலிகள்! நிறம் துணியில் மட்டும் இல்லை, வெளிச்சத்திலும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டவர்கள். பாரிஸில் ஒரு புகழ்பெற்ற நெசவுச் சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் ஷெவ்ரூல் என்னும் ரசாயன சாஸ்திரி. கறுப்புச் சாயம் மங்கலாயிருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. பரிசோதித்துப் பார்த்தார்; சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டின என்று கண்டார். இதைப் பற்றி 1839-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். நேயர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறக் காகிதத்தை இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றை வெள்ளைத் துணிமேலும் மற்றொன்றைக் கறுப்புத் துணிமேலும் வையுங்கள். வெள்ளைமேல் இருப்பது கருத்துத் தோன்றும். கறுப்புமேல் இருப்பது வெளுத்துத் தோன்றும்.

பெண் பார்க்கும் கூடத்திலும் இதுதான் நடக்கிறது. சிவப்பான தங்கையின் அருகில் உட்கார்ந்தால் அக்காள் கறுப்பு. அவளே வேறொரு கூட்டத்தில் "நல்ல நிறம்". கண்ணை நம்பித் தோலின் நிறத்தை அளக்க முயன்றவர்கள் பட்ட பாடும் உண்டு. பெர்லினிலிருந்த லூஷான் என்ற மானிட சாஸ்திரி 36 நிறக் கண்ணாடிச் சில்லுகள் அடங்கிய ஒரு வரிசையை உண்டாக்கினார். சில்லைத் தோலின் அருகில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மனிதரை ஒரே பரிசோதகர் இரண்டாந் தடவை அளந்தால் எண் மாறிவிட்டது! பிறகு 1950-களில், தோலிலிருந்து மீளும் ஒளியை அளக்கும் கருவிகள் அந்தச் சில்லுகளின் இடத்தைப் பிடித்தன. பயிற்சி பெற்ற சாஸ்திரிகளின் கண்ணே இப்படியென்றால், காப்பி சாப்பிடும் நேரத்தில் ஒரு பெண்ணின் நிறத்துக்கு மதிப்பெண் போடும் சம்பந்திகளின் கண்ணைப் பற்றி என்ன சொல்வது?

கண்ணாவது வெளிச்சத்தால் ஏமாறுகிறது. மனமோ பழக்கத்தால் ஏமாறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் தமிழ்க் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர் எழுதி வைத்திருப்பதைக் கேளுங்கள். இங்கே எவ்வளவு கறுப்போ அவ்வளவு மதிப்பாம். குழந்தைகள் இன்னும் கறுக்கட்டும் என்று வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்த்தார்களாம். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் எழுதினார்களாம். யாத்திரிகர் கதையில் மிகை இருக்கலாம். ஆனால் நம் சங்க நூல்கள் அவருக்குச் சாட்சி சொல்கின்றன. அங்கே தலைவி 'மாயோள்', அதாவது கருநிறத்தாள். அவளுடைய அழகுக்கு 'மாமை' என்று பெயர்; மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். தலைவன் பிரிந்து போனால் அந்த நிறம் மாறி உடம்பில் பசலை படரும். வெளுப்பதுதான் அங்கே நோய்! இன்று வரன் விளம்பரங்களில் கறுப்பு என்று சொல்லக் கூசி "மாநிறம்" என்று போடுகிறார்களே, அந்த 'மா' ஒரு காலத்தில் கவிகள் கொண்டாடிய சொல்.

பின்னே, மனம் எப்போது மாறியது? வெயிலில் உழைக்கிறவன் கறுப்பான். நிழலில் உட்கார்ந்து உண்கிறவன் வெளுப்பான். ஆகவே நிழலில் இருப்பவனின் நிறத்துக்கு அந்தஸ்து வந்தது. பிறகு வெள்ளையரே எஜமானர்களாக வந்து சேர்ந்தார்கள். 1893-ஆம் வருஷம் ஜூன் மாதம் 7-ஆம் தேதி இரவு, தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்பு டிக்கெட்டு வைத்திருந்த ஓர் இந்திய பாரிஸ்டரை நிறத்தின் காரணமாக வண்டியிலிருந்து இறக்கித் தள்ளினார்கள். காந்திஜிக்கு நேர்ந்த அந்த அவமானத்தைப் படிக்கும்போது நமக்கு இரத்தம் கொதிக்கிறது. ஆனால் நம் கூடத்திலும், நம் பள்ளிக்கூட மேடையிலும் நாம் யாரை இறக்கி விடுகிறோம்? 1947-ல் வெள்ளையர் ஆட்சி போயிற்று; வெள்ளையின் ஆட்சி போகவில்லை.

இதற்குச் செலுத்தும் கப்பமும் கொஞ்சமல்ல. 1975-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு, 2020-ல் 'சிவப்பு' என்று பொருள்படும் முதற்சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் மாறியது, ஆசை மாறவில்லை. விலாசம் தெரியாத சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. மெலனின் உற்பத்தியை அது தடுக்கும்; கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 15 பேரை வைத்தியர்கள் விசாரித்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பாக்கும் களிம்பு பூசியவர்கள். உடம்பின் வெயில் குடையைக் கிழிப்பதற்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது எந்தச் சூதாட்டத்துக்குக் குறைந்தது?

பெற்றோர்களை நாம் குறை சொல்லவில்லை. "எங்களுக்கு நிறம் பெரிதல்ல, ஊர் கேட்கிறதே!" என்பார்கள். ஊர் என்பது யார்? பிறந்த குழந்தையை எட்டிப் பார்த்ததும் முதலில் நிறத்தை விசாரிக்கும் அத்தைதான் ஊர். கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த உபாத்தியாயர்தான் ஊர்.

நாடகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டோம். வியாசர் பாஞ்சாலியை எந்த நிறத்தில் படைத்தார் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பாரதத்தில் அவளுக்குக் 'கிருஷ்ணை' என்று இன்னொரு பெயர் உண்டு. கறுப்பி என்று அர்த்தம்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்த நாடகத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. படிப்பை முடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டாள். இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு மறுபடியும் பாரத நாடகம் போடப் போகிறார்கள். வேஷம் தீர்மானிக்கும் கூட்டம் அடுத்த வாரம். இந்தத் தடவை நாம் வாயைத் திறப்பதாக இருக்கிறோம்.