ஐஸும் மீனும்

காட்டுப்பள்ளிக் கரையில் மீன் வாங்கும்போது எங்கள் அம்மாமார் தவறாமல் சொல்வது ஒன்று: "ஐஸை உதறிட்டு எடை போடுக்கா!" ஐஸுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்? இதே வழக்கு நம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்று அறிந்தபோது நாங்கள் வியந்தோம். அங்கே மீனுக்குப் பதில் ஹெராயின்.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, ஹெராயின் எவ்வளவு வைத்திருந்தாலும் குறைந்தது பத்தாண்டுச் சிறை. சிறிதளவு, அதுவும் சொந்த உபயோகத்திற்கே என்றால் தண்டனை குறையும். ஆனால் அதைப் பிடிபட்டவரே நிரூபிக்க வேண்டும். எழுத்தறியாத ஏழை எப்படி நிரூபிப்பான்? ஆகவே 2001-இல் சட்டத்தைத் திருத்தி, எடைக்கேற்பத் தண்டனை என்று வைத்தார்கள். ஹெராயினில் 5 கிராம் வரை சிறிய அளவு; 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. சிறிய அளவுக்கு இன்று ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு.

ஆனால் தெருவில் விற்கும் ஹெராயினில் கலப்படமே மிகுதி. 2008-இல் ஒரு வழக்கு வந்தது: பொடி சுமார் 4 கிலோ, அதில் அசல் ஹெராயினோ சுமார் 60 கிராம். அசலை மட்டுமே கணக்கிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மறு ஆண்டே மத்திய அரசு, கலவை முழுவதையும் எடை போடுக என அறிவித்தது. 2020 ஏப்ரல் 22-இல் மூன்று நீதிபதிகள் 2008 தீர்ப்பைத் தள்ளி, முழு எடையே சரி என்றனர். கேடு செய்வது கலவைதானே என்பது அவர்கள் வாதம். விற்பவன் விஷயத்தில் எங்களுக்கும் அது சரியாகவே படுகிறது.

அடிமைப்பட்டவன் விஷயம் வேறு. 64ஏ பிரிவின்படி, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அவன்மேல் வழக்கு இல்லை. ஒருவனிடம் அசல் 3 கிராம். இன்னொருவனிடம் அதே 3 கிராமுடன் 7 கிராம் மாவு. முன்னவனுக்கு மருத்துவமனை, ஏமாந்தவனுக்குப் பத்தாண்டு வரை சிறை!

இதைச் சொல்லி வகுப்பில் நாங்கள் இரு கட்சியானோம். பரிசோதனைச் சாலை தரும் சதவீதம் மாதிரிக்கு மாதிரி மாறலாம், தராசு மாறாது என்றார்கள் எதிர்க்கட்சியார். அதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. ஆயினும் 64ஏ என்று ஒன்று இருப்பதை இரு கட்சியிலும் எவரும் அதுவரை கேள்விப்பட்டிருக்கவில்லை. பிள்ளை பிடிபட்ட வீட்டார் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை கிராம் என்பதே. சிகிச்சையைப் பாதியில் விட்டால் வழக்கு திரும்பவும் வரலாம்.