மைக்ரேன் வினாநிரலின் தமிழாக்கம்: ‘ஒற்றைத் தலைவலி’ என்னும் சொல்லும் நோயறிதலும்

முன்னுரை

மைக்ரேன் நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஊடுகதிர்ப் படமோ இல்லை. நோயாளி கூறும் அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் அதனை அறிகிறார். எனவே இந்நோயறிதலில் மொழியே முதன்மைக் கருவியாகிறது. ஆங்கிலத்தில் உருவான வினாநிரலைத் தமிழாக்கும்போது நேரும் பொருள்மாற்றம் நோயறிதலை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வினாநிரலின் அமைப்பு

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரிச்சர்ட் லிப்டன் குழுவினர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஐ.டி. மைக்ரேன்’ மூன்றே வினாக்களைக் கொண்டது. கடந்த 3 மாதங்களில் தலைவலியின்போது குமட்டல் இருந்ததா, தலைவலி இல்லாத வேளையைவிட வெளிச்சம் மிகுதியாகத் தொல்லை தந்ததா, ஒரு நாளேனும் வேலையோ படிப்போ பிற கடமைகளோ குறைவுபட்டனவா என்பன அவை. இரண்டிற்கேனும் ‘ஆம்’ என்பவர் மருத்துவரின் மேலாய்வுக்கு உரியவர். முதல் ஆய்வில் இவ்வினாநிரல், மைக்ரேன் உள்ளோருள் 81 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டறிந்தது. இல்லாதோருள் 75 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. இவ்வளவீடுகள் ஆங்கில வடிவத்துக்கே உரியவை. மொழிபெயர்ப்புக்குத் தாமாகப் பொருந்துவன அல்ல.

பெயரே வினாவாதல்

தமிழில் மைக்ரேனுக்கு வழங்கும் ‘ஒற்றைத் தலைவலி’ என்னும் பெயர், ஒருபக்க வலி என்ற பொருளைத் தன்னுள் கொண்டுள்ளது. ஆனால் பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பின்படி (2018), ஒருபக்க வலி, துடிப்பு வலி, நடுத்தர அல்லது கடும் வலி, அன்றாட உடலசைவால் மிகும் வலி ஆகிய நான்கனுள் இரண்டு இருந்தாலே வலியின் தன்மை பற்றிய விதி நிறைவுறும். இருபுறமும் வலிப்போர்க்கும் மைக்ரேன் உண்டு. மேற்கண்ட மூன்று வினாக்களும் வலியின் பக்கத்தைக் கேட்பதில்லை. தாளின் தலைப்பில் ‘ஒற்றைத் தலைவலி’ என அச்சிட்டாலோ, மூலத்தில் இல்லாத நான்காம் வினா ஒன்று நுழைந்துவிடுகிறது. தலை முழுவதும் வலிப்பவர் இது தமக்குரியதன்று எனக் கருதக்கூடும்.

வினாக்களும் தமிழ் வழக்கும்

குமட்டலை ‘வாந்தி’ எனப் பெயர்த்தால் வாந்தி எடுத்தவர் மட்டுமே ‘ஆம்’ என்பர். ‘வாந்தி வருவதுபோல் இருந்ததா’ என்பதே பொருத்தம். கடும் வெயிலில் எவர்க்கும் கண் கூசும். ஆகவே ‘தலைவலி இல்லாத வேளையைவிட’ என்னும் ஒப்பீட்டை விடலாகாது. மூன்றாம் வினாவில் ‘வேலை’ என மட்டும் கேட்டால், இல்லத்தரசி தமக்கு வேலை இல்லை என்று விடையளிக்கலாம். ‘தடைப்பட்டதா’ எனக் கேட்டால், வலியோடு சமைத்து முடித்தவர் ‘இல்லை’ என்பார். மைக்ரேன் பெண்களிடம் மிகுதி என்பதால் இப்பிழையின் சுமையும் அவர்கள்மீதே மிகுதியாக விழும்.

சரிபார்க்கும் முறை

வினாநிரல்களைப் பிறமொழிக்குத் தகவமைக்கப் பீட்டன் குழுவினர் 2000ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறை, இருவர் தனித்தனியே பெயர்த்தல், இணைத்தல், மீள்பெயர்ப்பு, வல்லுநர் குழு ஆய்வு, 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை எனப் படிநிலைகளைக் கொண்டது. இவற்றுள் மீள்பெயர்ப்பை மட்டும் நம்புதல் போதாது. ‘ஒற்றைத் தலைவலி’ மீண்டும் ஆங்கிலத்தில் ‘மைக்ரேன்’ என்றே திரும்பும், பிழை வெளிப்படாது. முன்சோதனையில் ஒவ்வொரு வினாவையும் எவ்வாறு புரிந்துகொண்டார் என விடையளிப்பவரையே கேட்கும்போதுதான் அது தெரியவரும். அதன்பின் வினாநிரலின் முடிவை மருத்துவரின் நோயறிதலோடு ஒப்பிட வேண்டும்.

முடிவுரை

கண்டறியப்படாத மைக்ரேன் நோயாளி வலிநீக்கி மாத்திரைகளையே நாடுவார். எளிய வலிநீக்கிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதங்களைக் கடந்தும் உட்கொண்டால் அவையே தலைவலியை உண்டாக்கக்கூடும். ஆதலின் வினாநிரலின் தலைப்பில் ‘தலைவலி பற்றிய வினாக்கள்’ என்னும் பொதுப்பெயரே தகும். நோயின் பெயரை மருத்துவர் முடிவு செய்தபின் கூறலாம்.