‘மந்தம்’ என்று சொல்வதற்கு முன்

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா, சரியான பயிற்சி கிடைக்கவில்லையா என்பதை ஓர் ஆசிரியர் மட்டும் கணித்துவிட முடியாது. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர், சிறப்புப் பயிற்றுநர், பெற்றோர் எல்லோரும் ஒரு குழுவாகக் கூடிப் பேசி, சில வாரங்கள் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்த்த பிறகே மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அனுப்புவது குறித்து முடிவெடுக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காடு வட்டாரத்தில் இப்படிக் கூடிப் பேசுவதற்கான தேவை கூடுதல். ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன; வேலை முடிந்தால் பிள்ளையின் படிப்பும் பாதியில் நின்றுவிடும். மொழி புரியாததும் வகுப்பு தவறியதும் குறைபாடு ஆகாது. பார்வையையும் செவித்திறனையும் முதலிலேயே சோதித்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு எத்தனை வாரப் பயிற்சி கொடுத்தும் பயனில்லை.

ஒரு பிள்ளை ‘கொடி’யை ‘கெடி’ என்று வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொம்பைக் கண்டுகொண்டு, பின்னால் வரும் காலை விட்டுவிட்டது. ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளைச் சிறு குழுவில் வைத்துத் தினமும் பழக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கதையைக் கேட்டு வாயால் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளை, இத்தனை பயிற்சிக்குப் பிறகும் எழுத்தில் மட்டும் தடுமாறினால், சிறப்புப் பயிற்றுநர் அருகிருந்து கவனிக்க வேண்டும். எந்தப் பயிற்சி, எத்தனை நாள், என்ன மாற்றம் என்று எழுதி வைத்த குறிப்பு, மதிப்பெண் பட்டியலைவிட அவருக்கு அதிகம் உதவும்.

இப்படிப் பழக்கிக் குறித்து வைப்பதற்கான அடித்தளம் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் போடப்பட்டது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையறிந்து கற்பிப்பது அதன் முறை. சிறப்புப் பயிற்றுநரும் பெற்றோரும் அந்த நிலைப் பதிவுகளை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்தாலே குழுவின் பாதி வேலை முடிந்துவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றில் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. ஆகவே பயிற்சி என்ற பெயரில் காலம் கடத்துவதும் தவறே. வகுப்பறைப் பயிற்சியைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று அமெரிக்கக் கல்வித்துறையே 2011-இல் மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. பெற்றோர் கேட்டால் மதிப்பீடும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கலாம். காது கேளாமை, மூளை முடக்குவாதம் போன்றவை தெரிந்த பிள்ளையை ஒரு வாரம்கூடக் காக்க வைக்கக் கூடாது.