பழைய வேனும் பொருந்தும் பாகமும்

லிட்டில் அந்தமான் தீவின் துறைமுக ஊர் ஹட் பே. இங்குத் தேவைப்படும் பொருள்கள் பெரும்பாலும் கடல்வழியாகவே வருகின்றன. சென்னையிலிருந்து புறப்படும் கப்பல், ஸ்ரீ விஜயபுரம் என்று இன்று வழங்கும் போர்ட் பிளேரை அடைய ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். அங்கிருந்து தெற்கே ஹட் பேக்கு மற்றொரு கப்பல் வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் தாமதமாகும். இத்தகைய ஊரில் வேன் ஒன்று பழுதாகி நின்றால், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்களும் இடர்ப்படுவர். உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால் பழுதுகளுக்கும் குறைவில்லை.

பழைய வேனுக்குரிய பாகம் கடையில் இல்லையெனில், வேறொரு வண்டியின் பாகம் அதற்குப் பொருந்துமா என்று மெக்கானிக் ஆராய்வார். மாருதி ஆம்னி வேன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1984இல் அறிமுகமான இவ்வேனுக்கும், அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த மாருதி 800 காருக்கும் 796 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே வகை எஞ்சின் பொருத்தப்பட்டது. ஆகவே, எஞ்சினின் உட்பாகங்கள் பல இரண்டிற்கும் பொதுவாயின. ஆனால், காரில் எஞ்சின் குறுக்குவாக்கில் அமைந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. வேனில் நீளவாக்கில் அமைந்து பின்சக்கரங்களை இயக்குகிறது. எனவே, காரின் கியர்பெட்டி வேனுக்குப் பொருந்தாது. எஞ்சின் ஒன்றாயினும் எல்லாப் பாகங்களும் ஒன்றல்ல.

முற்காலத்தில் கைவினைஞர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினர். ஒரு வண்டியின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது. அளவு மாறாமல் பாகங்களைச் செய்யும் முறை வளர்ந்தபின் இந்நிலை மாறியது. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று காடிலாக் கார்களை முழுவதும் கழற்றி, பாகங்களைக் கலந்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டினர். அவை மூன்றும் 500 மைல் ஓடிக் காட்டின.

இன்று பல பாகங்களின் அளவை அவற்றின் எண்ணே உணர்த்துகிறது. பேரிங் ஒன்றில் 6205 என்று பொறித்திருந்தால், இறுதி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க வேண்டும். கிடைக்கும் 25 மில்லிமீட்டரே அதன் உட்துளையின் விட்டம். 04 முதலான எண்களுக்கு இவ்விதி பொருந்தும். எந்நாட்டில் செய்த பேரிங்காயினும் இவ்வெண் இருந்தால் அளவு ஒன்றே. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கச் சொல்வோரும் பெயரைவிட எண்ணைத் தெரிவிப்பதே நலம்.

ஆயினும், கண்ணளவை நம்புதல் தீது. 10 மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு போல்ட்டுகள் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்றின் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர்; மற்றதன் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஒன்றை மற்றதன் இடத்தில் வலிந்து முறுக்கினால் மரை அழியும். பிரேக், ஸ்டீயரிங் போன்ற பாகங்களில் இத்தகைய பிழை உயிருக்கே ஊறு செய்யும். அவற்றுக்கு உரிய பாகம் கப்பலில் வந்து சேரும்வரை வண்டியை நிறுத்திவைப்பதே அறிவுடைமை. பொருந்துவதை அறிவது மட்டுமன்று, பொருந்தாததை விலக்குவதும் தொழில்திறமே.

சொல்லும் பொருளும்
இடர் – துன்பம்
அரம் – இரும்பைத் தேய்க்கும் கருவி
மரை – திருகில் உள்ள சுற்றுவரி
ஊறு – தீங்கு

வினாக்கள்
1. ஹட் பேயில் உதிரிபாகம் கிடைப்பதில் தாமதம் ஏற்படுவது ஏன்?
2. மாருதி 800 காரின் கியர்பெட்டி ஆம்னி வேனுக்குப் பொருந்தாதது ஏன்?
3. 6206 என்னும் பேரிங்கின் உட்துளை விட்டம் எவ்வளவு?
4. உங்கள் வீட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தும் பொருள்கள் மூன்றினை எழுதுக.